நான் கைக்கொண்ட பத்தியங்கள்

கலவையிலுள்ள எங்கள் இல்லத்தின் சமையலறைச் சுவரில் 2017ஆம் ஆண்டின் நாட்காட்டி இன்னும் தொங்குகிறது. நான் அன்றன்று உண்டதையும், எத்தனை முறை வெளிக்குச் சென்றேன் என்பதையும் என் மனைவி அதில் குறித்து வைத்திருக்கிறாள்.

வயிற்றுப்போக்கும் இரத்தமும் மாதக்கணக்கில் நீடித்த பின்னரே வேலூருக்குச் சென்றேன். நம் நாட்டில் குடல் காசநோயும் இத்தகைய அழற்சி நோய்களும் ஒன்றுபோல் மயங்குமாதலால், பல சோதனைகள் செய்து, பெருங்குடல் அழற்சி என்று உறுதிப்படுத்தினர்.

ஊர் திரும்பியதும் ஆளுக்கொரு பத்தியம் சொன்னார்கள். மோர்ச்சாதம் மட்டும் என்றார் ஒருவர். கீரையும் பச்சைக் காய்கறிகளும் என்றார் மற்றொருவர். புண் ஆறாத குடலுக்கு அந்த நார்ச்சத்து பெருந்துன்பமாயிற்று. பின்னர், தானியமும் சர்க்கரையும் விலக்கும் மேனாட்டுப் பத்தியமொன்றை உறவினர் அறிவித்தார். நியூயார்க் மருத்துவர் சிட்னி ஹாஸ் வேறொரு குடல் நோய்க்காக வகுத்ததை, எலைன் காட்ஷால் என்னும் அம்மையார் பின்னாளில் பரப்பினார். அரிசியை அறவே நீக்கினேன். வயிறு சற்று அமைதியுற்றது. நோய் தீர்ந்ததென்று எண்ணி, எவரிடமும் கூறாமல் மாத்திரைகளை நிறுத்திவிட்டேன்.

ஏழாம் வாரம் இரத்தம் பெருகிற்று. மூத்த மகளின் நிச்சயதார்த்தத்தன்று நான் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தேன்.

"பத்தியம் மருந்துக்குத் துணை, மாற்று அன்று" என்றார் மருத்துவர். பின்னர் 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வும் இதையே நினைவூட்டிற்று. குரோன் நோயாளர் 194 பேரிடம், அந்தத் தானியமில்லா உணவையும் மத்தியதரைக் கடல் நாட்டு உணவையும் ஒப்பிட்டனர். ஆறு வாரத்தில் இரண்டிலும் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோருக்கு உபாதை தணிந்தது. ஆயினும் இரத்தத்தில் அழற்சியின் அடையாளம் தணிந்தவர் மிகச் சிலரே. உபாதை தணிவது வேறு, புண் ஆறுவது வேறு என்பது எனக்கு விளங்கிற்று.

இல்லம் திரும்பிய அன்று நாட்காட்டியைப் புரட்டினேன். ஏழு வாரமும் தேதிதோறும் சிறு எழுத்தில், 'மாத்திரை இல்லை' என்றிருந்தது. "சொன்னால் கோபிப்பீர்கள், பார்த்தால் புரிந்துகொள்வீர்கள் என்றிருந்தேன்" என்றாள் அவள். என்னால் பதில் கூற இயலவில்லை.

இப்பொழுது மாத்திரை தவறுவதில்லை. நோய் சீறும்போது குழைந்த சோறும் தயிரும். அடங்கியிருக்கையில் கேழ்வரகுக் கூழும் மீனும். ஆம்பூரில் திருமணமென்றால் ஒரு கைப்பிடி பிரியாணியும் உண்டு. இந்நோயுற்ற அன்பர்களே, எதை உண்ணினும் குறித்து வையுங்கள். குறித்து வைப்பவர் வேறொருவராயின், அதை அன்றாடம் படியுங்கள்.