மூச்செடுத்த இடம்

மாணவர் இசைப்போட்டிகளுக்கு நடுவராகச் சென்று வருவது நமக்குப் பல ஆண்டுப் பழக்கம். எத்தனையோ தீர்ப்புகளை எழுதிக் கொடுத்துவிட்டு, நிம்மதியாக வீடு திரும்பியிருக்கிறோம். ஆனால், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் சென்ற ஆண்டு நாம் இட்ட மதிப்பெண்கள் இன்றளவும் நெஞ்சில் முள்ளாய் உறுத்துகின்றன.

பாரதியார் பாடல்களை மட்டுமே பாடவேண்டும் என்பது அப்போட்டியின் விதி. அவ்வூருக்கு அது பொருத்தமே. அங்குப் பிறந்த இராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். பாரதியார் நூல்களின் உரிமையை அரசே ஏற்பதென்ற முடிவு அவர் ஆட்சிக் காலத்தில்தான் பிறந்தது. அதற்கு முன்னர், அப்பாடல்களைத் திரைப்படத்திலோ இசைத்தட்டிலோ பாடுவதற்கு உரிமையாளரின் இசைவு வேண்டியிருந்தது. இன்று எந்தக் குழந்தையும் யாரையும் கேளாமல் எங்கும் பாடலாம்.

சுருதி, தாளம், மூச்சு, சொல் தெளிவு, பாவம் ஆகிய ஐந்துக்கும் தலைக்கு இருபது மதிப்பெண். முதலிடம் பெறுபவரின் ஓராண்டு இசைப் பயிற்சிச் செலவை ஊர்ப் பெரியவர்கள் சிலர் ஏற்பதாக இருந்தது. ஆகவே அது வெறும் கோப்பைக்கான போட்டியன்று.

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் விறுவிறுப்பான காலப்பிரமாணத்தில் பாடினான். நீண்ட அடியொன்றை ஒரே மூச்சில் முடித்தபோது கைதட்டல் எழுந்தது. நாமும் மயங்கினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்து வந்தவள் மெலிந்த உடலினளான ஒரு சிறுமி. விளம்ப காலத்தில், கண்ணை மூடாமல், கையை ஆட்டாமல், எதிரிலிருப்பவரிடம் ஒரு செய்தியைச் சொல்வதுபோலப் பாடினாள். அடிக்கு மூன்று நான்கு முறை மூச்செடுத்தாள். நாம் எண்ணிக்கொண்டே வந்து, இருபதுக்கு ஒன்பது என்று எழுதினோம். மாணவனுக்குப் பதினெட்டு. மொத்தக் கணக்கில் நான்கே மதிப்பெண் வேறுபாட்டில் அவன் முதலிடம் பெற்றான்.

பரிசளிப்பு முடிந்து வெளியே வருகையில் சிறுமியின் பாட்டி எதிர்ப்பட்டார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, “ஐயா, எம் பேத்தி பாடனது எனக்கு வார்த்த வார்த்தையா புரிஞ்சுது. அந்தப் பையன் பாடனது ஒண்ணும் புரியல. மூச்சு வாங்கனா மார்க்கு கொறச்சிடுவீங்களா?” என்றார். குரலில் சினமில்லை, அறிந்துகொள்ளும் ஆவலே இருந்தது. “போட்டியின் விதி அப்படியம்மா” என்று சொல்லிவிட்டுப் பேருந்தேறினோம். அது பொய். விதித்தாளில் ‘மூச்சு’ என்ற ஒரு சொல்தான் இருந்தது. எண்ணிக்கை நாமாகச் செய்துகொண்டது.

அன்றிரவு இருவர் பாட்டையும் மனத்துக்குள் மீண்டும் ஓட்டிப் பார்த்தோம். விரைந்து பாடுபவனுக்கு ஓர் அடி சில நொடிகளில் முடிந்துவிடும். அதே அடியை விளம்பத்தில் பாட இருமடங்கு நேரம் செல்லும். இருவரின் மூச்சுகளையும் எண்ணி ஒப்பிடுவது எவ்வகை நீதி? இது முதற்பிழை.

பெரும்பிழை வேறு. ‘தாமரை’ என்ற சொல்லின் நடுவே மூச்சு விட்டால் ‘தா’ தனியாகவும் ‘மரை’ தனியாகவும் நிற்கும். கேட்பவர் காதில் பூ விழாது; மரை என்னும் மான் விழும்! அந்த மாணவன் மூச்சைச் சேமிக்கச் சொற்களின் ஈற்றெழுத்துகளை விழுங்கினான்; மழையை மலையாக்கினான். சிறுமியோ ஒவ்வொரு முறையும் சொல் முடிந்த இடத்தில்தான் மூச்செடுத்தாள். ஓரிடத்திலும் சொல் உடையவில்லை. அவளுக்கு இழுப்பு நோய் உண்டு என்று பின்னர் அறிந்தோம். தன் சிறிய மூச்சுக்கு ஏற்பப் பாட்டை அவளே பகுத்து வைத்திருந்திருக்கிறாள். புதுவை வானொலியைக் கேட்டுப் பழகியவள், ஆசிரியர் எவருமில்லை.

நம் முன்னோர் இதை அறியாதவரல்லர். உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகிறது என்று தொல்காப்பியம் பிறப்பியலில் விளக்குகிறது. அவர்களுக்கு மூச்சு வேறு, எழுத்து வேறு அன்று. நாமோ இரண்டுக்கும் தனித்தனிக் கட்டமிட்டு மதிப்பெண் தருகிறோம். இசையில் உயிரெழுத்து தன் அளவைக் கடந்து நீளும், மெய்யெழுத்தும் நீண்டொலிக்கும் என்பதையும் அந்நூல் சொல்கிறது. சிறுமி ஈற்று ‘ம்’மை மெல்ல நீட்டி ஓய்ந்ததை ‘மூச்சுத் திணறல்’ என்று நம் குறிப்பேட்டில் எழுதியிருந்தோம். நமக்கே நாணமாயிருந்தது. (நம் ஆலயப் பாடற்குழுக்களிலும் இதைக் காண்கிறோம். உச்சத்தில் யார் நெடுநேரம் நிற்கிறார் என்பதிலேதான் போட்டி. பின்வரிசை மூதாட்டிக்கு ஒரு சொல்லும் எட்டாது.)

பாவத்திற்கு மாணவனுக்குக் கூடுதலாக இட்டதும் அவன் கையசைவைக் கண்டுதான். பொருளறியாமல் பாடும் வித்துவான்களைப் பாரதியார் தம் சங்கீதக் கட்டுரையில் கடிந்திருக்கிறார். அவர் பாட்டையே வைத்துக்கொண்டு நாம் இவ்வாறு செய்தோம்.

அறிவித்த முடிவை மாற்ற இயலவில்லை. மாணவன் மீதும் பிழையில்லை. நல்ல குரலுடையவன், பயிற்சியால் திருந்துவான். போட்டி நடத்தியவர்களுக்கு நிகழ்ந்ததை ஒளிக்காமல் மடல் எழுதினோம். சிறுமியின் பயிற்சிக்கு ஏதேனும் செய்ய இயலுமா என்றும் கேட்டிருந்தோம். அதற்கு விடை வரவில்லை.

இவ்வாண்டும் அழைப்பு வந்தது. எம்மை விலக்கிவிடுவார்கள் என்றே எண்ணியிருந்தோம். உடன் வந்த மதிப்பெண் தாளில் பழைய ஐந்து தலைப்புகளே இருந்தன. ‘மூச்சு’ என்பதன் அருகே ‘எடுத்த இடம்’ என்று பேனாவால் எழுதி, மற்ற நடுவர்களின் படிகளிலும் அவ்வாறே திருத்தித் தருமாறு கேட்டுத் திருப்பி அனுப்பினோம். பாடுவோர் பட்டியலில் ஏழாவதாக அச்சிறுமியின் பெயர் இருக்கிறது.