மூன்று நாள் அவகாசம்

இப்போது வாங்குகிற ஏலக்காயில் மணமே இல்லை என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள், பச்சைப்பசேலென்று ஒரே அளவில் இருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை, பாயசத்தில் போட்டால் இருக்கிறதா இல்லையா என்று தேடவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பழைய புத்தகக் கடை ஒன்றின் அடி அடுக்கில், தோல் அட்டை பிய்ந்து கிடந்த ஒரு அரபுக் கிதாபைப் பிரித்தபோது, பூச்சி அரித்த மஞ்சள் தாளுக்குள்ளிருந்து அந்தப் பழைய மணம், ஏலமும் சாக்கும் கொஞ்சம் மூக்குப்பொடியும் கலந்தது, ஒரு கணம் எழுந்து வந்தது. கடைக்காரரிடம் விலை கேட்காமலேயே அதைக் கையில் இடுக்கிக்கொண்டேன்.

போடியில் என் தாத்தா, நன்னா என்றுதான் கூப்பிடுவோம், அவர் வீட்டு முன்கட்டு முழுக்க ஏலக்காய் மூட்டைதான். மலையிலிருந்து வந்த காயைக் கூடத்தில் கொட்டி, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காம்பு கிள்ளித் தரம் பிரிப்பார்கள், சாயங்காலம் அவர்கள் எழுந்து போன பிறகும் அந்த இடத்துச் சிமெண்டுத் தரை மணத்துக்கொண்டே இருக்கும். உள்ளே போகிற நடையில், சுவரில் பதித்த மாடத்தில், பச்சைத் துணி சுற்றிய கிதாபுகள், எல்லாவற்றிலும் அதே மணம், அல்லாவின் பேச்சும் ஏலக்காயும் ஒரே வாசனை என்றுதான் எனக்குப் பத்து வயது வரை எண்ணம். நன்னா அசர் தொழுதுவிட்டு வந்து திண்ணையில் உட்காருவார், நூல் கட்டிய மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார், பொடி டப்பாவை இரண்டு தட்டுத் தட்டித்தான் திறப்பார். மேற்கே மலைக்குப் பின்னால் போகிற வெயில் தெருவைத் தாண்டி நேரே திண்ணையில் விழும், அந்த வெளிச்சம் இருக்கிற வரைக்கும்தான் கிதாபு, மங்கினால் மூடிவிட வேண்டும், மின்விளக்கில் மார்க்கம் படிப்பது அவருக்குப் பிடிக்காது.

படித்துக் காட்டுவது பள்ளிவாசல் ஹஜ்ரத். வேலூர் பாக்கியாத்தில் ஓதிப் பட்டம் வாங்கியவர், ஒல்லி, குரல் மட்டும் பெரிசு, தென்னை ஈர்க்கால் வரி தொட்டு வாசிப்பார். மூன்றாவது ஆள் வக்கீல் குமாஸ்தா பிள்ளை, நெற்றி நிறைய விபூதியோடு வந்து, "என்ன ராவுத்தரே, இன்னிக்கு என்ன வழக்கு?" என்று கேட்டுக்கொண்டே டீக்குக் கை நீட்டுவார். அந்த வருஷம் வழக்கு நிஜமாகவே இருந்தது. ஊர்ப் பையன் ஒருவன் வண்டன்மேட்டுப் பக்கம் எஸ்டேட்டுக்குக் கணக்கெழுதப் போனவன், அங்கே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டான், ஊர்ப் பதிவேடான தஃப்தரிலிருந்து பேரை அடிக்க வேண்டும் என்று ஜமாஅத்தில் நாலு பேர் நிற்கிறார்கள். முர்தத், அதாவது தீனை விட்டுப் போனவன், என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அந்தத் திண்ணையில்தான்.

ஹஜ்ரத் அவசரப்படவில்லை. கிதாபு என்ன சொல்கிறது என்று பிள்ளை கேட்டதற்கு, ஹனஃபிச் சட்ட நூலான ஹிதாயாவைப் பிரித்து, தீனை விட்டுப் போனவனிடம் மறுபடியும் தீனை எடுத்துச் சொல்லவேண்டும், சந்தேகம் இருந்தால் தீர்க்கவேண்டும், மூன்று நாள் அடைத்து வைத்து அவகாசம் கொடுக்கவேண்டும், அப்புறமும் வராவிட்டால் கொலைத் தண்டனை என்று நேராகவே சொன்னார், பூசி மெழுகவில்லை. பெண்ணென்றால் நம்ம ஹனஃபி மத்ஹபில், நம்ம சட்ட வழியில், கொலை கிடையாது, திரும்பி வருகிற வரைக்கும் சிறை, கடற்கரைக்காரர்கள் ஷாஃபி, காயல்பட்டினம் கீழக்கரையில் கேட்டால் அவர்கள் கிதாபில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தண்டனைதான் என்றார். "ஏன் பொம்பளைக்கு மட்டும் சலுகை?" என்று பிள்ளை விடவில்லை. அதற்கு ஹஜ்ரத் சொன்ன பதில் எனக்கு அப்போது புரியவில்லை, பிற்பாடுதான் அதன் எடை தெரிந்தது. ஸரக்ஸி என்று ஒரு இமாம், பதினோராம் நூற்றாண்டுக்காரர், உஸ்கந்தில் சிறைக் குழிக்குள் கிடந்துகொண்டே, மேலே உட்கார்ந்திருந்த மாணவர்களுக்குத் தன் பெரிய நூலைச் சொல்லிச் சொல்லி எழுதவைத்தார் என்பார்கள். நம்பிக்கையை விடுவது மனிதனுக்கும் படைத்தவனுக்கும் நடுவில் உள்ள விவகாரம், அதன் கூலி மறுமையில், இங்கே தண்டனை எதற்கென்றால் அவன் எதிரிப்படையில் போய்ச் சேருவான் என்பதற்காக, பெண் போருக்குப் போகிறவள் இல்லை, அதனால் அவளுக்குக் கொலை இல்லை என்பது அவர் வாதம். பிள்ளை டீயை ஆற்றிக்கொண்டே, "அப்ப அந்த எஸ்டேட்டுப் பய எந்தப் பட்டாளத்துல சேந்திருக்கான்?" என்றார். நன்னா சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஹஜ்ரத் சிரிக்கவில்லை, ஈர்க்கை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார்.

மஹ்ரிபுக்கு முன்னால் அந்தப் பையனின் தாய் வந்தாள். துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படிக்குக் கீழேயே நின்றாள், மார்க்கச் சட்டம் எதையும் கேட்கவில்லை. "நான் மவுத்தானா எம்மவன் வந்து சந்தூக்குத் தூக்கலாமா அத்தா, அத மட்டும் சொல்லுங்க" என்றாள். ஹஜ்ரத் அவளுக்குக் கதை சொன்னார், கேள்விக்குக் கதைதான் அவர் வழக்கம். நபியவர்கள் காலத்தில் அபிசீனியாவுக்கு அடைக்கலம் போனவர்களில் உபைதுல்லா இப்னு ஜஹ்ஷ் என்பவர் அங்கே கிறிஸ்தவரானார், அங்கேயே இருந்து அங்கேயே இறந்தார், யாரும் ஆள் அனுப்பவில்லை. நபிக்கு வந்த வஹீயை, இறைச்செய்தியை, எழுதிக்கொண்டிருந்த இப்னு அபீ ஸர்ஹ் மறுதலித்து மக்காவுக்கு ஓடிப்போனார், மக்கா வெற்றியின்போது உஸ்மான் அவரைக் கூட்டிவந்து மன்னிப்புக் கேட்க, மன்னிப்புக் கிடைத்தது, பின்னாளில் மிஸ்ருக்கே, எகிப்துக்கே, ஆளுநராக இருந்தார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "மூணு நாளுன்னா எந்த மூணு நாளு, அதத் தொடங்கி வைக்க ஒரு காஜி வேணும்ல, இங்க காஜி யாரு? இப்ராஹீம் நகயீன்னு ஒரு இமாம் காலம் பூராவும் அவகாசம் உண்டுன்னே சொல்லிருக்காரு, நீ போம்மா" என்றார். மகன் சந்தூக்கை, அந்தச் சவப்பெட்டியை, தூக்கலாமா என்பதற்கு அவர் கடைசிவரை நேராகப் பதில் சொல்லவில்லை.

நன்னா தன் பங்குக்கு ஒன்று செய்தார். ஜமாஅத் சந்தா நோட்டு அவர் வசம்தான் இருந்தது, அதில் அந்தப் பையன் பேரை அடிக்காமல் வருஷா வருஷம் எழுதி, எதிரே பாக்கி என்று போட்டுவந்தார். கேட்டவர்களிடம், பாக்கி வைத்தவன் பேரை எவனாவது அடிப்பானா, வசூலுக்கு என்ன பண்ணுவது என்று வியாபாரி பாஷையில் வாயடைத்துவிடுவார். நன்னா மவுத்தாகும் வரை அந்தப் பாக்கி நோட்டில் ஏறிக்கொண்டே இருந்தது.

பெண்கள் விஷயத்தில் குமாஸ்தா பிள்ளைக்குத்தான் விவரம் அதிகம். வெள்ளைக்காரன் காலத்தில் பஞ்சாப் பக்கம், புருஷன் விட்டுவிட்டுப் போனாலும் தலாக் கொடுக்காமல் இழுத்தடித்தாலும் ஹனஃபிச் சட்டத்தில் பெண்ணுக்கு வெளியேற வழி இல்லை, தீனை விட்டால் நிக்காஹ் தானாக முறிந்துவிடும் என்பது மட்டும் கிதாபில் இருந்தது, ஆகவே சில பெண்கள் கோர்ட்டில் வந்து நான் இப்போது முஸ்லிம் இல்லை என்று சொல்லி விடுதலை வாங்கிக்கொண்டார்கள். அந்தக் காலத்துப் பெரிய ஆலிம் அஷ்ரஃப் அலி தானவி பதறிப்போய், மதீனாவின் மாலிக்கி ஆலிம்களுக்கு எழுதிக் கேட்டு, அந்த மத்ஹபு வழியாகப் பெண்ணுக்கு விவாகரத்து வாசலைத் திறந்து ஒரு நூலே எழுதினார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1939ஆம் வருஷத்து எட்டாவது சட்டம் வந்தது, பெண் எந்தெந்தக் காரணத்துக்கு விவாகரத்து கேட்கலாம் என்று சொல்லி, நான்காம் பிரிவில், முஸ்லிம் மனைவி மதத்தை விட்டால் அதனாலேயே திருமணம் முறியாது என்றும் சொல்லிவிட்டது. பிள்ளை இதை ஒரு ஜோசியக்காரரின் திருப்தியோடு சொல்லி முடிப்பார். சிறையில் போடவேண்டும் என்று கிதாபு சொன்ன பெண்களால்தான் மற்ற பெண்களுக்கு வழி பிறந்தது என்பது எனக்குப் பின்னாளில்தான் உறைத்தது, திண்ணையில் அதை யாரும் அப்படிச் சொல்லவில்லை.

பேரை அடிக்கிற வழக்கு அந்தத் திண்ணையோடு முடியவில்லை என்று தெரிந்தது தக்கலையில். அங்கே நான் போனது சூஃபி ஞானி பீர் முகம்மது அப்பா தர்காவில் அவருடைய ஞானப்புகழ்ச்சி பாடுகிற ராத்திரிக்காக. ஊதுபத்திப் புகையில் கண் கரித்தது, கிழவர்கள் வரிசையாக உட்கார்ந்து, பாதிப் பேர் புத்தகத்தைப் பார்க்காமலேயே, தூக்கத்தில் தலை சாய்ந்தாலும் பாட்டு சாயாமல் பாடிக்கொண்டிருந்தார்கள், விளக்கு வெளிச்சத்தில் அவர்களின் வெள்ளைத் தாடி மட்டும் அசைந்தது. அந்த ஊர்க்காரர்தான் கவிஞர் ஹெச்.ஜி. ரசூல், குடியைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரைக்காக 2007இல் அவரை ஊர்விலக்கு செய்தார்கள். தான் முஸ்லிம்தான் என்று அவர் சொன்னார், சொன்னதை ஒரு நாளும் மாற்றவில்லை, ஆனால் நீ இல்லை என்று தீர்மானம் போட்டாயிற்று. ஊர்விலக்கு என்றால் வெளியே இருப்பவர்களுக்கு ஏதோ சந்தா நோட்டுச் சமாச்சாரமாகத் தெரியும், கல்யாணத்துக்குத் தஃப்தர் வராது, சாவுக்குச் சந்தூக்கு வராது, சலாம் சொன்னால் பதில் வராது, அவ்வளவும் அதற்குள் இருக்கிறது. சூஃபியின் பாட்டை விடிய விடியப் பாடத் தெரிந்த ஊர் அது என்பதை நினைத்தபடி பஸ் ஸ்டாண்டில் காப்பி குடித்தேன், காப்பி ஆறிப்போயிருந்தது.

ரசூல் 2017 ஆகஸ்டில் இறந்தார். அதே வருஷம் மார்ச்சில் கோவை உக்கடத்தில் பாரூக் என்ற முப்பத்தோரு வயதுக்காரர், பழைய இரும்பு வியாபாரி, திராவிடர் விடுதலைக் கழகத்தில் இருந்தவர், கடவுள் இல்லை என்று வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் எழுதிக்கொண்டிருந்தவர், ராத்திரி ஒரு போன் வந்து வெளியே போனார், வெட்டிக் கொன்றார்கள். கைதானவர்கள் அவர் பிறந்த சமுதாயத்தின் இளைஞர்கள். முஸ்லிம் அமைப்புகள் கண்டித்தன, இஸ்லாத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றன. மகன் இருந்த இயக்கத்திலேயே தானும் சேரப்போவதாக அவருடைய தகப்பனார் சொன்னதைப் பேப்பரில் படித்தபோது, படிக்குக் கீழே துப்பட்டியோடு நின்ற அந்தத் தாய்தான் எனக்கு நினைவுக்கு வந்தாள். அப்போதெல்லாம் ஒரு பேரை அடிப்பதா வேண்டாமா என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசினார்கள், இப்போது டீ ஆறுவதற்குள் போனிலேயே முடிந்துவிடுகிறது என்று நினைத்து, பழைய காலத்தின் மேல் கொஞ்சம் பெருமையும்பட்டேன்.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைத்தது கடையில் வாங்கிய கிதாபு. அது ஹிதாயாவேதான், பழைய லித்தோ அச்சு, ஓரமெல்லாம் பொடி எழுத்தில் குறிப்புகள். அரபி எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும், ஆகவே மதரஸாவில் பாடம் நடத்துகிற நண்பரிடம் கொண்டுபோய், முர்தத் பாடத்தை எடுத்து வாசிக்கச் சொன்னேன். மூன்று நாள் வந்தது, பெண்ணுக்குச் சிறை வந்தது, எல்லாம் ஹஜ்ரத் சொன்னபடியே வந்தது. நடுவில் ஒரு வரி, தீனை எடுத்துச் சொல்லும் முன்பே யாராவது அவனைக் கொன்றுவிட்டால் அது வெறுக்கத்தக்கது, ஆனால் கொன்றவன் மேல் ஒன்றும் இல்லை என்கிற கருத்தில். நண்பர் அதைக் கடைச் சிட்டை வாசிப்பதுபோல் வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். நான் நிறுத்தி மறுபடி கேட்டேன், மறுபடியும் அதையேதான் சொன்னார்.

ஹஜ்ரத் அந்த வரியைப் படித்துக்காட்டியதில்லை. தெரியாமல் இருந்திருக்காது, பாக்கியாத்தில் ஓதியவருக்கு அந்தப் பக்கம் மனப்பாடமாக இருந்திருக்கும், பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது, நான் உட்கார்ந்திருக்கும்போது, ஈர்க்கு அதைத் தாண்டிப் போயிருக்கிறது. நன்னாவும் அதை அறிந்தே பாக்கி எழுதியிருக்கலாம். அவர்கள் நல்லவர்களாக இருந்தது கிதாபினால் அல்ல, கிதாபையும் மீறித்தான், அதை வெளியே சொல்லாமல் வெயில் மங்கியதும் மூடி மாடத்தில் வைத்துவிட்டார்கள். நான் இத்தனை வருஷம் பொறுமை என்று நினைத்ததில் பாதி மறைப்பு. மறைத்தது நல்ல எண்ணத்தோடுதான், ஆனால் வரி அப்படியே அங்கே இருந்தது, எடுத்துப் படிக்க வேறொருவன் வரும் வரைக்கும்.

வந்தும் இருக்கிறார்கள். கெய்ரோவில் 1992இல் ஃபரஜ் ஃபோதா என்ற எழுத்தாளரைச் சுட்டுக் கொன்றவர்களின் வழக்கில், மறு வருஷம் சாட்சி சொல்ல வந்த முகம்மது அல் கஸ்ஸாலி, பழைய இமாம் கஸ்ஸாலி அல்ல, நம் காலத்துப் பெரிய ஆலிம், மிதவாதி என்று பேரெடுத்தவர், முர்தத்தைத் தனிமனிதன் கொன்றால் அது அதிகாரத்தைக் கையிலெடுத்த குற்றம், அதற்கு மார்க்கத்தில் தண்டனை ஏதும் தனக்குத் தெரியவில்லை என்ற விதமாகச் சொன்னார். ஹிதாயாவின் அந்த வரிக்கு எண்ணூறு வயது, கோர்ட்டுப் படியேறி வந்து நின்றது. மறுபக்கத்தில் அல் அஸ்ஹரின் ஷைகாக இருந்த மஹ்மூத் ஷல்தூத், மறுப்பு மட்டுமே உயிரெடுக்கக் காரணமாகாது, முஸ்லிம்களை எதிர்த்துப் போர் செய்வதுதான் காரணம் என்று எழுதியிருக்கிறார், ஸரக்ஸியின் குழியிலிருந்து வந்த அதே தர்க்கம்தான். குர்ஆனில் மறுதலித்தவர்களைப் பற்றிய ஆயத்துகள் மறுமைத் தண்டனையைச் சொல்கின்றன, இவ்வுலகில் கொல்லச் சொல்லவில்லை, நம்பி, மறுத்து, மறுபடி நம்பி, மறுபடி மறுத்தவர்களைப் பற்றி ஒரு ஆயத்தே இருக்கிறது, முதல் மறுப்பிலேயே தலை போயிருந்தால் இரண்டாவது மறுப்பு எப்படி? கொலைத் தண்டனைக்கு ஆதாரமாக வருவது புகாரியில் இப்னு அப்பாஸ் வழியாக வரும் ஹதீஸ், அதைப் போர்க்காலத் துரோகத்தோடு சேர்த்துப் படிக்கவேண்டும் என்பவர்களும், அப்படியே எடுக்கவேண்டும் என்பவர்களும் இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும், ஆலிம்களுக்கு அதுதான் வேலை.

ஆனால் ஹிதாயாவின் அந்த ஒரு வரிக்கு வாதம் தேவையில்லை. பாரூக் கொலையைக் கண்டித்த அறிக்கைகள் எல்லாம் இஸ்லாத்துக்குச் சம்பந்தமில்லை என்று சொன்னவை, கிதாபில் இப்படி ஒரு வரி இருக்கிறது, அதை நாங்கள் ஏற்கவில்லை என்று சொன்ன அறிக்கை என் கண்ணில் படவில்லை. மதரஸாக்களில் அது இன்றும் பாடம், பதினெட்டு வயதுப் பையன்கள் அதை ஓதித் தேர்வு எழுதுகிறார்கள். ஹஜ்ரத்மார்களே, தாண்டிப் போகாதீர்கள். ஈர்க்கை அந்த வரியில் வைத்து, இது எங்கள் சட்டம் இல்லை என்று ஒரு ஜும்ஆ பயானில், மைக்கில், தமிழில் சொல்லுங்கள்.