மேர்ச்சண்டைசிங் படிக்கப் போகும் பிள்ளைக்கு எந்த வருடத்துப் பாடம் கிடைக்கிறது?

கொஞ்சம் நீளமான பதிவு. உயர்தரம் எழுதிவிட்டு இருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் நேரம் எடுத்து வாசியுங்கள்.

என்னிடம் படித்த ஒரு மகள் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் பெஷன் மேர்ச்சண்டைசிங் டிப்ளோமா செய்கிறாள். "இதைத் தமிழில் விளங்கப்படுத்துங்க டீச்சர்" என்று நோட்ஸைக் கொண்டுவந்தாள். அதில் கோட்டா முறை பற்றி நான்கு பக்கம். ஒரு நாடு இவ்வளவு உடுப்புத்தான் ஏற்றுமதி செய்யலாம் என்ற அந்த ஏற்பாடு 1974இல் தொடங்கி, பிறகு படிப்படியாகக் கழன்று, 2004 கடைசியோடு முடிந்துபோனது. அந்தப் பிள்ளை அப்போது பிறக்கவே இல்லை. வரலாறாகச் சொல்லிக்கொடுத்தால் குறையில்லை. ஆனால் அது "தற்போதைய நடைமுறை" என்ற தலைப்பின் கீழ் இருந்தது. அதற்கு வாப்பா தவணை முறையில் காசு கட்டிக்கொண்டிருக்கிறார்.

மேர்ச்சண்டைசிங் என்றதும் நம்மில் பலருக்குத் தையல் மெஷினும் டிசைன் வரைவதும்தான் நினைவுக்கு வரும். மனையியலில் ஏ எடுத்த பிள்ளைக்குப் பொருத்தம் என்று அனுப்பிவிடுகிறோம். உண்மையில் அது கணக்கும் திகதியும் ஈமெயிலும் சேர்ந்த வேலை. வெளிநாட்டு பையருக்கும் இங்குள்ள கார்மென்டுக்கும் நடுவில் நிற்பவர்தான் மேர்ச்சண்டைசர். பையர் அனுப்பும் டெக் பெக்கை வாசித்து, துணி எவ்வளவு, நூல், பட்டன், ஸிப், லேபல் எவ்வளவு, தைக்க எத்தனை நிமிடம் என்று கூட்டி விலை சொல்ல வேண்டும். விலை ஒத்துவந்தால் சாம்பிள், நிறத்துக்கு அனுமதி, துணி வரும் நாள், கப்பல் ஏறும் நாள் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ஒரு ஷேர்ட்டுக்கு 4 அமெரிக்க சதம் பிழைத்தால் 50,000 ஷேர்ட்டுக்கு 2,000 டொலர் போய்விடும். நாள் தவறினால் கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகும். அந்தச் செலவு பெரும்பாலும் கார்மென்ட் தலையில்தான்.

ஜீ.எஸ்.பி. பிளஸ் பற்றியும் நோட்ஸில் இருந்தது, ஒரே ஒரு வரி. 2010இல் பறிபோய் 2017இல் திரும்பக் கிடைத்த சலுகை என்பது நமக்கெல்லாம் தெரியும். ஆனால் இங்கே தைத்தால் மட்டும் அது கிடைத்துவிடாது. பொதுவாகத் துணியும் இங்கேயே நெய்ததாகவோ பின்னியதாகவோ இருக்க வேண்டும். இந்தியா போன்ற சில அயல்நாட்டுத் துணிக்குத் தனி விதி உண்டு. சீனத் துணியை வெட்டித் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினால் பெரும்பாலான உடுப்புக்கு 12 வீத வரி. அதே சீனத் துணியில் பங்களாதேஷ் தைத்து அனுப்பினால் வரியே இல்லை. பின்தங்கிய நாடுகளுக்கான வேறு சலுகை அவர்களுக்கு. ஆக, துணியை எங்கே வாங்குவது என்று முடிவெடுக்கிறவர் வரியையும் சேர்த்தே முடிவெடுக்கிறார். இதைப் படிக்காமல் எப்படி விலை சொல்வது?

2025 ஏப்ரலில் அமெரிக்கா நமக்கு 44 வீத வரி என்று அறிவித்தது. ஜூலையில் 30 என்றது, ஓகஸ்டில் 20 ஆனது. நமது உடுப்பை அதிகம் வாங்கும் நாடே அதுதான். ஒரு ஓர்டரை எத்தனை தடவை மறுபடி கணக்குப் பார்த்திருப்பார்கள் என்று யோசியுங்கள். சாம்பிளும் மாறிவிட்டது. தைத்துக் கூரியரில் அனுப்புவதற்கு முன்னர் கணினித் திரையில் முப்பரிமாணத்தில் காட்டி ஒப்புதல் வாங்குகிறார்கள். பருத்தி எங்கிருந்து வந்தது, எங்கே சாயம் போட்டது என்றெல்லாம் ஐரோப்பா கேட்கிறது.

இன்னொன்று. ஏற்றுமதி மட்டும்தான் மேர்ச்சண்டைசிங் என்று யார் சொன்னது? புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவிலும் வெள்ளவத்தைக் காலி வீதியிலும் நடப்பதும் அதே வேலைதான்: எதை, எவ்வளவு, எந்தச் சைஸில், எப்போது வாங்கி வைப்பது. நோன்புப் பெருநாள் வருடத்துக்கு 10, 11 நாள் முன்னுக்கு வரும். 2024இல் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தன. கடைக்காரர் ஒரே சரக்கோடு இரண்டு கூட்டத்தையும் பிடித்தார். 2030இல் பெருநாள் பெப்ரவரி முதல் வாரத்துக்குப் போய்விடும். அப்போது அபாயா துணிக்கு முந்திய வருடமே ஓர்டர் போட வேண்டும். நமது முதலாளிமார் இதை மனக்கணக்காக வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த பாடத்திட்டங்களில் கிறிஸ்மஸ் சீசன் இருக்கிறது, பெருநாளும் தீபாவளியும் இல்லை.

மொழிதான் எனக்குப் பெரிய கவலை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பெஷன் டிசைன் பட்டம் ஆங்கில மொழியில், உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. டிப்ளோமாக்களும் பெரும்பாலும் ஆங்கிலம், விளக்கம் சிங்களத்தில். கொட்டாஞ்சேனையில் தமிழில் உயர்தரம் படித்த பிள்ளை முதல் மாதமே பேசாமல் இருந்துவிடுகிறாள். அறிவுக் குறைவு இல்லை, சொல் விளங்கவில்லை. புலமைப்பரிசில் கொடுக்கும் நமது தனவந்தர்கள், அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்யட்டும், அந்தக் காசில் ஒரு பங்கை ஆறு மாத முன்வகுப்புக்கு ஒதுக்கினால் போதும்: எக்ஸெல், ஈமெயில் ஆங்கிலம், துறைச் சொற்களுக்குத் தமிழ் விளக்கம்.

பெற்றோருக்கு: பணம் கட்டுவதற்கு முன், நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்ததா என்று பாருங்கள். அதோடு நிற்காதீர்கள். நிறுவனத்தின் பதிவு வேறு, பாடநெறியின் அங்கீகாரம் வேறு. என்.வி.கியூ. 5 அல்லது 6 கிடைக்குமா என்று கேளுங்கள். 7 என்பது பட்ட நிலை, அங்கே ஏற வழி வேண்டும். இரத்மலானையில் அரசாங்கத்தின் துணி, ஆடை நிறுவனம் இருக்கிறது, வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியில் ஒரே பஸ். அங்கேயும் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். பாடத்திட்டத்தைக் கடைசியாகத் திருத்திய வருடம் எது என்றும், படிப்பிப்பவர் கடைசியாக ஓர்டருக்கு விலை போட்டது எப்போது என்றும் நேரடியாகக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, உங்கள் காசு.

இந்தத் துறையில் வேலை செய்யும் சகோதர சகோதரிகள் யாராவது ஒரு சனிக்கிழமை வந்து எங்கள் உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு கொஸ்டிங் ஷீட்டை விரித்துக் காட்ட முடியுமென்றால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். பழைய ஷீட் என்றாலும் பரவாயில்லை, பையரின் பெயரை அழித்துவிட்டுக் கொண்டுவாருங்கள்.