போத்தலுக்குள் ஒரு பச்சோந்தி

நுவரெலியாப் பக்கம் நாங்க பச்சோந்தின்னு கூப்பிடுறது உண்மையில் கறுத்த உதட்டு ஓணான். உலகத்திலேயே இலங்கை மலைநாட்டில் மட்டும்தான் இருக்கு. நிஜப் பச்சோந்தி புத்தளம், மன்னார் மாதிரி வறண்ட பக்கத்து ஆள்.

சித்தி மகன் ஒன்றைப் பிடித்து ஹோர்லிக்ஸ் போத்தலில் மூணு நாள் வைத்திருந்தான். கண் குழிவிழுந்து, தோல் சுருங்கிக் கிடந்தது. மூடியில் ஊற்றின தண்ணியைச் சீண்டவேயில்லை. இதுகளுக்கு இலையில் உருளும் துளிதான் தண்ணி. வாயைத் திறந்து ஊற்றப் போனவனைத் தடுத்தேன். மூச்சுக்குழாய்க்குள் போனால் செத்துடும்.

தேயிலைக் கிளை வேணாம், மருந்தடிச்சிருப்பாங்க. லயத்துக்குப் பின்னாலிருந்து மரத்தக்காளிக் கிளையை ஒடித்து நிறுத்தி, அதில் ஏற்றிவிட்டு, கையால் தண்ணி தெளித்தோம். ரொம்ப நேரம் அசைவேயில்லை. பிறகு நாக்கு ஒரு தடவை வெளியே வந்தது. இன்னொரு தடவை. மறுநாள் கண் நிமிர்ந்திருந்தது.

2019இல் சைட்ஸ் ஒப்பந்தம் இதை வணிகத்துக்காக நாடு கடத்துவதைத் தடைசெய்ததைச் சொன்னேன். “நான் விக்கவா போறேன்?” என்றான். பிடிச்ச வேலியிலேயே விடணும்னேன். மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுத்தான் வந்தான்.