ஊர் மரம்

கைவிடப்பட்ட நிலமும் மீண்டும் வாழும் என்பதற்குத் தைப்பிங் ஏரிப் பூங்காவே சான்று. இன்று நீர் நிறைந்து விளங்கும் இவ்வேரிகள், அன்று ஈயம் தோண்டிய பள்ளங்கள். ஈயம் எடுத்தபின் மேடும் குழியுமாய்க் கிடந்த அந்நிலம், 1880ஆம் ஆண்டில் பொதுமக்கள் உலாவும் பூங்காவாக உருப்பெற்றது. 1884இல் கரையோரம் நடப்பட்ட தூங்குமூஞ்சி மரங்கள், இன்று பாதையைக் கடந்து கிளை நீட்டி ஏரி நீரைத் தொட முயல்கின்றன.

மாலையானால் முதியோர் மெல்ல நடப்பர், இளையோர் ஓடுவர், பாய் விரித்த தாய்மார் பலகாரப் பொட்டலங்களைப் பிரிப்பர். அவர்களிடையே ஒரு முதியவர், தம் பேரனுடன் மரத்தடியில் அமர்ந்திருக்கிறார். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிக் காய்த்த கை, வேரைத் தடவிப் பார்க்கிறது. அந்தி நெருங்க, இலைகள் கூம்புகின்றன.

"தாத்தா, நீங்கள் பால் எடுத்த மரங்கள் இப்போது எங்கே?"

"அவை கம்பெனி மரங்கள், ஐயா. வெட்டிவிட்டார்கள். தோட்டமும் போயிற்று, நாமும் வெளியேறினோம். இது ஊர் மரம். ஊர் காத்தால் நிற்கும்."

சிறுவன் சற்று நேரம் மரத்தை அண்ணாந்து பார்க்கிறான். பின்னர், தான் உண்டு எறிந்த கடலைப் பொட்டலத்தின் தாளைத் தானே பொறுக்கிக்கொண்டு குப்பைத் தொட்டியைத் தேடிச் செல்கிறான்.

மாணவரைப் பூங்காவிற்கு அழைத்துவரும் ஆசிரியர், மரத்தின் பெயரைச் சொல்வதோடு நின்றுவிடலாகாது. பொதுவுடைமை என்பது யாருக்கும் உரிமையற்ற பொருளன்று. ஒவ்வொருவரும் காக்கவேண்டிய பொருள். அதனை உணர்த்த, நூறாண்டு கடந்த ஒரு நிழலினும் நல்ல வகுப்பறை வேறில்லை.