பண்டாரதரா ஏரிக்கரையில் ஓர் இரவு

கோடை விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்ல ரயிலில் இடம் கிடைக்காத குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. மே மாதம் முழுவதையும் மும்பையின் புழுக்கத்தில் விசிறிக்கடியிலேயே கழிப்பதைவிட, ஒரு சனிக்கிழமை குழந்தைகளை அழைத்துக்கொண்டு இகத்புரிக்கு ரயிலேறுவது மேல். கஸாரா மலைப்பாதையைக் கடந்து இகத்புரியில் இறங்கினால், கோட்டி வழியாக மோட்டாரில் ஷெண்டி கிராமத்தை அடையலாம். அக்கிராமத்தை ஒட்டியதே பண்டாரதரா ஏரி.

ஏரி என்றதும் நம் பக்கத்துக் கண்மாய் நினைவுக்கு வரும். இஃது அத்தகையதன்று. ரத்தன்கட் மலையில் பிறந்து கோதாவரியுடன் கலக்கும் பிரவரா நதியை மறித்து, 1910இல் தொடங்கி 1926இல் கட்டி முடித்த வில்ஸன் அணைக்கட்டின் நீர்த்தேக்கம் இது. ஆர்தர் ஏரி என்றும் பெயர். அணையின் உயரம் ஏறத்தாழ 82 மீட்டர். அருகே, மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமான கல்சுபாய் 1,646 மீட்டர் ஓங்கி நிற்கிறது. ஏரியின் மறுகோடியிலுள்ள ரத்தன்வாடியில் அம்ருதேசுவரர் ஆலயம் இருக்கிறது. அதன் கல் வேலைப்பாட்டுக்கு ஒரு காலைப்பொழுதையேனும் ஒதுக்க வேண்டும்.

கரையில் கூடாரங்களை வாடகைக்குத் தருகிறார்கள். சுற்றுவட்டாரத்தில் வாழ்வோர் பெரும்பாலும் மகாதேவ கோளி எனப்படும் பழங்குடி மக்கள். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிச் செல்லாமல் நம்மவர் பயணம் புறப்படுவது அரிதுதான். ஆயினும் அவர்கள் சுடச்சுடத் தரும் பாக்ரியையும் பிட்லாவையும் ஒருவேளையாவது உண்டு பார்க்க வேண்டும். தேச்சா விஷயத்தில் மட்டும் சற்றே நிதானம் தேவை!

நீரில் இறங்குவது வேண்டாம். படித்துறைபோல் மெல்ல மெல்ல ஆழமாகும் கரையன்று இது. முன்பு பள்ளத்தாக்காயிருந்த இடம்; இரண்டடி எடுத்து வைத்தால் பள்ளம் இருக்கக்கூடும். கோடையில் நீர் வற்றி வெளிப்படும் சேறும் ஆபத்தானது. நீச்சல் தெரியும் என்னும் துணிவு இங்கே போதாது.

இனி, இரவைப் பற்றி. மே மாத இறுதியில், மழைக்கு முந்திய அந்தச் சில வாரங்களில், ஏரியைச் சூழ்ந்த மரங்களில் மின்மினிகள் ஆயிரக்கணக்கில் மொய்க்கின்றன. ஹிர்டா, பேஹ்டா, ஜாம்பூள் என்று வழிகாட்டி மரங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார். நம் கடுக்காயும் தான்றியும் நாவலும்தாம் அவை. ஒரு மரம் முழுவதும் ஒருங்கே சுடர்ந்து, ஒருங்கே அணைந்து, மீண்டும் சுடர்ந்தது. எங்கள் குழுவில் வந்த சிறுவன் ஒருவன், “மாமா, இதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?” என்று வினவினான். அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்த பிள்ளை; வேறென்ன கேட்பான்? பூச்சியின் வயிற்றடியில் உள்ள ஒருவகை ரசாயனப் பொருள் பிராணவாயுவுடன் சேரும்போது ஒளி உண்டாகிறது. வெப்பம் அநேகமாக இல்லை. அவ்வொளியே அவற்றின் பாஷை. ஆண் ஒளிவிட்டு அழைக்கும். இலையிலோ புதரிலோ அமர்ந்திருக்கும் பெண் ஒளியாலேயே விடை தரும்.

இதைக் காண வருவோரே இதற்குப் பகையாகிவிடுவதுதான் வருந்தத்தக்கது. வாரக் கடைசியில் மோட்டார்கள் வரிசையாய் வந்து நிற்கின்றன. முகப்பு விளக்கின் வெள்ளத்தில் பூச்சியின் சிறு சுடர் துணையின் கண்ணில் படுவதெங்ஙனம்? இணை சேராவிடில் அடுத்த ஆண்டுக்கு முட்டை ஏது? ஈரமண்ணிலும் சருகிலும் வாழ்ந்து நத்தைகளைத் தின்று வளரும் அதன் புழுக்கள், பாதையை விட்டு விலகி நடப்போரின் காலடியில் நசுங்குகின்றன. கைப்பேசி விளக்கைப் பாய்ச்சிப் படமெடுப்போரைச் சொல்லி முடியாது. படத்திலும் ஒன்றும் விழுவதில்லை!

போகவே கூடாது என்பது எம் கருத்தன்று. கூடார வாடகையும் சாப்பாட்டுப் பணமும் அக்கிராமத்தாருக்கு நல்ல வருவாய்; மின்மினி அழிந்தால் முதலில் நஷ்டமடைவோர் அவர்களே. ஆகவே, நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரே வண்டியில் செல்லலாம். வண்டியைக் கிராமத்திலேயே நிறுத்தி, உள்ளூர் வழிகாட்டியுடன் நடந்து செல்லலாம். டார்ச்சு விளக்கின் முகத்தில் சிவப்புக் காகிதம் கட்டித் தரையை நோக்கிப் பிடித்தால் போதும். பிள்ளைகளின் கையில் பாட்டில் கொடுத்தனுப்ப வேண்டாம். கல்சுபாய்–ஹரிச்சந்திரகட் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் நுழைவதானால் வனத்துறையின் அந்த ஆண்டு விதிகளைப் புறப்படுமுன் விசாரித்தறிவது அவசியம்.

ஜூனில் மழை வலுத்தால் மின்மினிகள் குறைந்துவிடும். கூடாரத்துக்குள்ளும் நீர் புகும். பள்ளிக்கூடம் திறப்பதும் அம்மாதத்திலேயே. எனவே மே மாதக் கடைசி வாரத்தில், கூட்டம் மிகும் சனி ஞாயிறைத் தவிர்க்க இயன்றால் தவிர்த்து, அமாவாசையை ஒட்டி ஒரு நாளைத் தேர்ந்துகொள்வது உத்தமம்.