அளவின் நீதி

விளையாட்டுப் பொருள்களைப் பற்றி எழுதுவது இலக்கிய ஏட்டுக்குப் பொருந்துமோ என்று வாசகர் ஐயுறலாம். ஆயினும் ஒரு சமுதாயம் தன்னைச் சிறு உருவிற் செய்து பார்க்கும்போது அதன் மனமே வெளிப்படுகிறது என்பது எமது துணிபு.

மாத்தளை மாவட்டத்துப் பல்லேகம, களுகங்கை நீர்த்தேக்கத்தால் இடம்பெயர்ந்த ஊர். 2018ஆம் ஆண்டில் நீர் தேக்கத் தொடங்கிய பின் பழைய ஊர் நீருக்குள் மறைந்தது. அதன் கடைவீதியை அட்டையில் மீண்டும் எழுப்ப வேண்டுமென்று அயலிலுள்ள சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் எம்மிடம் வந்தனர். வீதியில் ஓட்டுவதற்கு அவர்களிடம் மின்சாரப் பொம்மைக் கார்கள் இருந்தன. பாதையின் நடுவிலுள்ள பிளவில் காரின் அடிமுளை பொருந்தி ஓடும். இருபுறத்து உலோகப் பட்டைகள் மின்னோட்டம் தரும். கைவிசை வேகத்தைக் கூட்டும், குறைக்கும். பிரித்தானியாவில் 1957இல் ‘ஸ்கேலெக்ஸ்ட்ரிக்’ என்ற பெயரில் அறிமுகமாகிப் பரவிய விளையாட்டு இது.

இக்கார்களில் மிகப் பரவலானது 1:32 அளவு. அதாவது உண்மைக் காரில் 32இல் ஒரு பங்கு. 1:24, 1:64 அளவுகளிலும் உண்டு. மாதிரி வீடுகளோ பெரும்பாலும் பொம்மை இரயிலுக்கென 1:87 அல்லது 1:76 அளவிற் செய்யப்படுபவை. பிள்ளைகளுக்குக் கிடைத்தவை 1:87 அளவின. அந்த அளவில் ஆறடி வாசல் 2.1 சென்டிமீற்றர் உயரமே. 1:32 அளவில் ஐந்தரை அடி மனிதனோ 5.2 சென்டிமீற்றர் நிற்பான். அவ்வாசல் அவனது இடுப்புக்கும் எட்டாது!

ஆதலின் வாசலருகே மனிதனை நிறுத்திப் பார்த்தே வீட்டைத் தெரிய வேண்டும். இடம் போதாதெனில் வீட்டைச் சுருக்கலாகாது. முன்சுவரை மட்டும் செய்து பாதையோரம் நிறுத்தலாம். மலைச்சாரலில் தொலைவாகத் தோன்ற வேண்டிய வீடுகளை மாத்திரம் சிறிய அளவில் வைக்கலாம்.

இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த சிறுவன், தங்கள் லயத்தையும் வீதியோரம் வைக்க விரும்பினான். வெள்ளையர் காலத்து லயன் அறையின் வழமையான அளவு 10 அடிக்கு 12 அடி. 32ஆல் வகுத்தோம்: 9.5 சென்டிமீற்றர் அகலம், 11.4 சென்டிமீற்றர் நீளம். அட்டையை வெட்டி ஒட்டி, அருகே காரை நிறுத்தினான். நான்கு மீற்றர்க் காரின் உரு 12.5 சென்டிமீற்றர். அறையைவிடக் கார் நீளம்!

“கணக்கு பிழை சேர்” என்றனர் பிள்ளைகள். மீண்டும் அளந்தோம்; கணக்கிற் பிழையில்லை. “அறையைக் கொஞ்சம் பெரிசாக்குவமா?” என்றான் ஒருவன். “வேணாம், எங்க காம்பரா இவ்வளவுதான்” என்றான் தோட்டத்துச் சிறுவன். அதில் எத்தனை பேர் படுப்பார்கள் என்று சிங்களச் சிறுமி ஒருத்தி வினவினாள். ஆறு பேர் என்றான். ஆறு உருவங்களை வெட்டிக் கிடத்தினர். அடுப்பையும் பெட்டியையும் வைத்தபின் கால் வைக்க இடம் மிஞ்சவில்லை. அச்சிறுமி நெடுநேரம் பேசவில்லை.

அளவு என்பது வெறும் எண்ணன்று. எதனை முதலாகக் கொள்கிறோம் என்னும் தேர்வு அது. காரையும் பாதையையும் மட்டுமே கருதுபவனுக்கு வீடுகள் வெறும் அலங்காரம். அவை எவ்வளவு சிறுத்தாலும் அவனுக்குக் கவலையில்லை. மனிதனை முதலாகக் கொள்பவனுக்கோ வாசலின் ஒவ்வொரு மில்லிமீற்றரும் கணக்கு. பெருந்திட்டங்களின் மேசை மாதிரிகளில் அணை ஓங்கி நிற்க, குடில்கள் புள்ளிகளாகி விடுகின்றன. அப்புள்ளிகளுக்குள் உறங்கும் மனிதர் கண்ணிற் படுவதில்லை.

அத்தகைய லயன் அறைகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. பார்வைக்கு அழகாயிருக்கும் பொருட்டு அவ்வறையை அட்டையில் அகலமாக்குவது எளிது. எழுத்திலும் அவ்வாறு செய்வோர் உளர். ஆனால் நிலத்தில் அகல வேண்டிய அறையை அட்டையிலும் ஏட்டிலும் அகலமாக்கி மனநிறைவு கொள்வது உண்மைக்குச் செய்யும் துரோகமாகும். உள்ள அளவை உள்ளபடி காட்டுவோம். மாற்ற வேண்டியது எதுவென்று காண்போருக்குத் தாமே விளங்கும்.